வடக்கு ஒன்டாரியோவுக்கு மட்டும் ஏன் தனிச் சீட்டு?

கனடாவின் தேசிய ஆண்கள் கர்லிங் போட்டிக்கு பிரையர் என்று பெயர். அதன் புள்ளிப் பட்டியலை முதல்முறை பார்க்கிறவர்கள் ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள். ஆல்பர்ட்டா, மனிடோபா, கியூபெக், நோவா ஸ்கோஷியா எல்லாம் சரி, வரைபடத்தில் இருக்கிற மாகாணங்கள்தான். ஒன்டாரியோவும் இருக்கிறது. அப்புறம் வடக்கு ஒன்டாரியோ என்று இன்னொரு அணியும் இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு மாகாணமே கிடையாது. தனிச் சட்டமன்றம் இல்லை, தனி முதல்வர் இல்லை, டொராண்டோவில் இருக்கும் அதே அரசுதான் அங்கேயும் ஆள்கிறது. கர்லிங் என்று வந்தால் மட்டும் அது தனி மாகாணம், அதற்கென்று தனிச் சங்கம், தனி ஆண்கள் சாம்பியன்ஷிப், பிரையரில் தனி இடம்.

நமக்கு இது அவ்வளவு புதிதில்லை. ரஞ்சி கோப்பையில் மகாராஷ்டிரம் என்ற ஒரே மாநிலத்திலிருந்து மும்பை, மகாராஷ்டிரா, விதர்பா என்று மூன்று அணிகள் வருகின்றன, குஜராத்திலிருந்து குஜராத், பரோடா, சௌராஷ்டிரா என்று இன்னொரு மூன்று. தமிழ்நாட்டுக்கு ஒன்றே ஒன்று. (கோவைக்குத் தனி அணி வேண்டும் என்று யாராவது கேட்டால் நம்மூரில் அதற்கு வேறு அர்த்தம் வந்துவிடும், அது வேறு கதை.) அரசாங்கம் கோடு கிழிப்பது ஒரு கணக்கில், விளையாட்டுச் சங்கங்கள் கோடு கிழிப்பது இன்னொரு கணக்கில். இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒத்துப்போகாத இடத்தில்தான் சுவாரசியமான சண்டைகள் வரும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே அங்கிருந்துதான் புறப்படுகிறது. வடக்கு ஒன்டாரியோ சுமார் 8 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்கு. ஒன்டாரியோவின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு கிட்டத்தட்ட இதுதான். மக்கள்தொகையும் சுமார் 8 லட்சம்தான், ஆக சதுர கிலோமீட்டருக்கு ஒரு ஆள். ஒன்றரைக் கோடிப் பேர் இருக்கும் மாகாணத்தில் இது ஆறு சதவீதத்துக்கும் குறைவு. அந்த 8 லட்சம் பேரும் பரவியும் இல்லை, நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் போகிற வழியில் அங்கங்கே கொத்துக்கொத்தாக இருக்கிறார்கள். நிக்கல் சுரங்கத்தை நம்பி வளர்ந்த சட்பரி, தங்கச் சுரங்கத்தை நம்பிய டிம்மின்ஸும் கர்க்லண்ட் லேக்கும், எஃகு ஆலை இருக்கும் சூ செயின்ட் மேரி, தானியக் கிடங்குகள் வரிசையாக நிற்கும் துறைமுக ஊரான தண்டர் பே.

தண்டர் பேயிலிருந்து சூ செயின்ட் மேரிக்கு 700 கிலோமீட்டர், சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரம். ஆனால் நடுவில் மதுரையும் திருச்சியும் கிடையாது, ஏரியும் பாறையும் காடும்தான், பனிப்புயல் அடித்தால் வாவா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள், திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மேற்கு ஓரத்தில் இருக்கும் கெனோராவின் கதை இன்னும் வேடிக்கை. அங்கிருந்து மனிடோபாவின் தலைநகர் வின்னிபெக் 200 கிலோமீட்டர் சொச்சம், தண்டர் பே கிட்டத்தட்ட 500, சூ செயின்ட் மேரி 1,200. கடிகாரம்கூட வேறு, கெனோரா ஓடுவது வின்னிபெக் நேரத்தில். ஆக இந்தப் பிராந்தியத்தின் ஆண்கள் சாம்பியன்ஷிப் என்பது இரண்டு நேர மண்டலங்களுக்கு நடுவில், நடுக்குளிர்காலத்தில் நடக்கிற போட்டி. இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து இரண்டு நாளில் தோற்றுத் திரும்புகிறவர்கள் பாவம்தான்.

கர்லிங் தெரியாதவர்களுக்கு மேற்கொண்டு படிக்கத் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். ஏறக்குறைய 45 மீட்டர் நீளப் பனித்தளம், அதற்கு ஷீட் என்று பெயர். ஒரு கோடியிலிருந்து கைப்பிடி வைத்த, 20 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான கருங்கல்லை வழுக்கிவிட வேண்டும், மறு கோடியில் ஹவுஸ் என்று சொல்லப்படும் வட்டங்களுக்குள் அது போய் நிற்க வேண்டும். அணிக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரு தரப்பும் மாறி மாறி 16 கற்களை விட்டு முடித்தால் ஒரு எண்ட், அப்படிப் பத்து எண்டுகள். ஒவ்வொரு எண்ட் முடிவிலும் வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யார் கல் நெருக்கமோ அவர்களுக்கு மட்டும்தான் புள்ளி, எதிராளியின் கல்லைவிட நெருக்கமாக நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று, மற்றவர்களுக்குச் சுழி. பனி கண்ணாடிபோல இருக்காது, நீர்த்துளிகளைத் தூவி உறையவிட்டுச் சின்னச் சின்னப் புடைப்புகள் உண்டாக்கியிருப்பார்கள். கைப்பிடியைத் திருப்பி விடுவதால் கல் சுழன்றுகொண்டே போய் வளையும், விளையாட்டுக்குப் பெயரே அதனால் வந்ததுதான் என்பார்கள். முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தோடு ஓடித் தேய்த்தால் கல் இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளைவதும் குறையும். கேலி செய்ய வசதியான காட்சிதான், ஆனால் ஒரு ஆட்டம் முழுக்க அப்படித் தேய்த்துப் பார்த்தால் தோள் பேசும்.

இன்னும் மூன்று வார்த்தை. அணித் தலைவர் ஸ்கிப், மறு கோடியில் நின்று எங்கே விட வேண்டும் என்று சொல்கிறவர், பெரும்பாலும் கடைசி இரண்டு கல்லை விடுகிறவரும் அவரே. எதிராளியின் கல்லை அடித்து வெளியே தள்ளுவது டேக்அவுட். எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர், அது கையில் இருப்பது பெரிய பலம். ஒரு எண்டில் புள்ளி எடுத்தால் அடுத்த எண்டில் ஹேமர் எதிராளிக்குப் போய்விடும். ஹேமர் இல்லாமலே புள்ளி எடுத்தால் அதைத் திருட்டு என்றே சொல்வார்கள். இது பின்னால் தேவைப்படும்.

சரி, தனிச் சீட்டு எப்படி வந்தது? 1927இல் டொராண்டோவின் கிரானைட் கிளப்பில் முதல் பிரையர் நடந்தது. நடத்தியது மெக்டொனால்ட் என்ற புகையிலை கம்பெனி, பிரையர் என்பதே அவர்கள் விற்ற ஒரு புகையிலையின் பெயர்தான். தேசியப் போட்டிக்குப் புகையிலைப் பொட்டலத்தின் பெயர் வைத்து, கம்பெனி விலகிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும் அதே பெயரில் இன்றுவரை நடக்கிறது. கோப்பையில் வென்றவர்கள் பெயரைப் பொறிக்கும் தகடுகள்கூட இதய வடிவம், அதுவும் அந்தக் கம்பெனியின் சின்னம். பிராந்தியப் போட்டியில் ஜெயித்து முதல்முறை பிரையருக்குப் போகிறவருக்குச் சட்டையில் தைத்துக்கொள்ள ஒரு ஊதா இதயம் கொடுப்பார்கள். சிலர் அதை ஒரேயொரு முறை வாங்க இருபது வருஷம் ஆடியிருப்பார்கள், சிலருக்கு அதுவும் கிடைத்திருக்காது.

அந்த முதல் பிரையரில் எட்டு அணிகள். பட்டியலைப் பார்த்தால் இன்றைக்குச் சிரிப்பு வரும். டொராண்டோ நகரத்துக்கு ஒன்று, ஒன்டாரியோவுக்கு ஒன்று, வடக்கு ஒன்டாரியோவுக்கு ஒன்று. மாண்ட்ரியால் நகரத்துக்கு ஒன்று, கியூபெக்குக்கு ஒன்று. நியூ பிரன்ஸ்விக், நோவா ஸ்கோஷியா. கடைசியில், மேற்கு கனடா முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு அணி. எந்த மேற்கு? கர்லிங்கையே உயிராக நினைக்கிற, அடுத்த சில ஆண்டுகளில் கோப்பையை வீட்டுச் சொத்தாக்கிக்கொண்ட மேற்கு. 1928 முதல் 1932 வரை தொடர்ந்து ஐந்து முறை மனிடோபாதான் ஜெயித்தது. மாகாணத்துக்கு ஒரு அணி என்ற விதியெல்லாம் அப்போது இல்லை, கிழக்கில் எந்தெந்தச் சங்கம் ஏற்கெனவே இருந்ததோ, யாரைக் கூப்பிட முடிந்ததோ, அவர்கள் வந்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் கொலம்பியா என்ற பெயரில் ஒரு அணி பிரையருக்கு வந்ததே 1936இல். நியூஃபவுண்ட்லண்ட் 1951இல். மாகாணமே அல்லாத வடக்கு ஒன்டாரியோ அவர்களுக்கெல்லாம் சீனியர்.

பிறகு கணக்கைச் சீர்செய்தபோது டொராண்டோவும் மாண்ட்ரியாலும் தனி இடத்தை இழந்தன. நகரங்களுக்குத் தனிச் சீட்டு எதற்கு, மாகாண அணிக்குள்ளேயே போட்டியிடட்டும் என்பது நியாயமாகத்தான் படுகிறது. வடக்கு ஒன்டாரியோவை மட்டும் யாரும் தொடவில்லை. காரணம் தூரம் என்றுதான் நான் நினைக்கிறேன். டொராண்டோக்காரர் ஒன்டாரியோ போட்டிக்குப் போக ரயிலில் சில மணி நேரம் போதும். தண்டர் பேக்காரருக்கு (அப்போது அது ஃபோர்ட் வில்லியம், போர்ட் ஆர்தர் என்று இரண்டு ஊர், 1970இல்தான் சேர்த்தார்கள்) டொராண்டோ 1,400 கிலோமீட்டர். தகுதிச்சுற்றுக்கே அவ்வளவு தூரம் போய், அங்கே ஜெயித்து, பிறகு பிரையருக்கு மறுபடி பயணம் என்றால் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்க்கிறவனுக்கு யார் அத்தனை நாள் லீவு கொடுப்பார்கள்?

இந்தச் சின்னக் கதவு வழியாக வந்தவர்கள் ஐந்து முறை பிரையரை வென்றிருக்கிறார்கள். 1950இல் கர்க்லண்ட் லேக்கின் டாம் ராம்சே. 1975இல் தண்டர் பேயின் பில் டெட்லி. 1982, 1985இல் அதே ஊரின் ஆல் ஹாக்னர். 2013இல் சூ செயின்ட் மேரியின் பிராட் ஜேக்கப்ஸ். மனிடோபாவின் 27 பட்டங்களுக்கு முன்னால் இது ஒன்றுமில்லைதான். ஆனால் ஐந்தில் மூன்று ஒரு லட்சம் பேர் சொச்சம் இருக்கும் ஒரே ஊருக்குப் போயிருக்கிறது, அதில் இரண்டு ஒரே மனிதருக்கு, அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசத்தான் வேண்டும்.

ஹாக்னர் 1980இல் இறுதிக்கு வந்தார், சஸ்காச்சுவானின் ரிக் ஃபோக்கிடம் தோற்றார். 1981இல் மறுபடி இறுதி, இந்த முறை எதிரே மனிடோபாவின் கெர்ரி பர்ட்னிக், வயது 22, பிரையரை வென்றவர்களிலேயே இளைய ஸ்கிப் என்ற பெயரை ஹாக்னரைத் தோற்கடித்துத்தான் வாங்கினார். 1982இல் மூன்றாவது முறையாக இறுதி, அப்போதுதான் கோப்பை கைக்கு வந்தது, அந்த ஆண்டே உலகப் பட்டமும். இரண்டு இறுதிகளில் தோற்றவன் மூன்றாம் வருஷம் திரும்பி வந்து நிற்பதற்கு மனத்திடம் வேண்டும் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, திரும்பி வர ஒரு வழி இருந்தது என்பது. மாகாணம் முழுவதற்கும் ஒரே சீட்டு என்றிருந்தால், 1980களில் தெற்கே இருந்த எட் வெரனிச்சையும் ரஸ் ஹோவர்டையும் தகுதிச்சுற்றிலேயே ஒவ்வொரு வருஷமும் தாண்டியிருக்க வேண்டும், அவர்கள் இரண்டு பேருமே ஆளுக்கு இரண்டு பிரையர் வென்றவர்கள். தனிச் சீட்டு ஒருவரைச் சாம்பியன் ஆக்கிவிடாது. பெரிய மேடையில் போய்த் திரும்பத் திரும்பத் தோற்க ஒரு வாய்ப்பு தரும், அவ்வளவுதான். அந்தத் தோல்விகள்தான் பாடம் என்பது என் கட்சி.

1985க்கு வருவோம். மாங்க்டனில் இறுதி, எதிரே ஆல்பர்ட்டாவின் பாட் ரயன். பத்தாவது எண்ட், கடைசிக் கல் ஹாக்னர் கையில், இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறார். ஹவுஸுக்குள் ஆல்பர்ட்டாவின் இரண்டு கல். சமன் செய்ய ஒரே வழி, விடுகிற கல் முதல் கல்லின் ஓரத்தை மயிரிழை அளவுக்கு உரச வேண்டும், அப்படி உரசினால்தான் இரண்டாவதையும் போய்த் தள்ள முடியும், தள்ளிய பிறகு தன் கல் ஓடிப்போகாமல் உள்ளேயே நிற்கவும் வேண்டும். கொஞ்சம் தடிப்பாகப் பட்டால் ஒன்று போகும், ஒன்று நிற்கும். இன்னும் மெலிந்தால் எதையும் தொடாமல் பின்னால் போய்விடும். ஹாக்னர் விட்டார், இரண்டும் வெளியே, இரண்டு புள்ளி, ஆட்டம் சமன். கூடுதல் எண்டில் ஹேமர் ரயனிடம், அப்படியும் புள்ளியை வடக்கு ஒன்டாரியோ திருடிக்கொண்டது. கனடாவில் கர்லிங் பார்க்கிற வயதானவர்களிடம் ‘ஹாக்னர் டபுள்’ என்று மட்டும் சொன்னால் போதும், மீதியை அவர்களே சொல்லி முடிப்பார்கள், பல சமயம் கையால் வரைந்தும் காட்டுவார்கள்.

அந்த ஆட்டத்தில் தோற்றவருக்கு அதன்பின் என்ன ஆயிற்று என்பது இன்னும் ருசியான பகுதி. ரயன் ஹவுஸுக்குள் எதுவும் சேராதபடி ஆடுகிறவராகவே பேரெடுத்தார். முன்னிலை கிடைத்துவிட்டால் எதிராளி வைக்கிற ஒவ்வொரு கல்லையும் அடித்துத் துரத்துவது, சிக்கலுக்கே இடம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது. 1988இலும் 1989இலும் பிரையர் அவருக்குத்தான். 1989 இறுதியின் ஸ்கோர் 3-2. கிரிக்கெட்டில் ஐந்து நாளும் யாரும் அவுட் ஆகாமல், ரன்னும் எடுக்காமல் இருந்தால் எப்படியோ அப்படி. கூட்டம் போரடிக்கிறது என்று கத்தியது. அடுத்த வருஷம், 1990 ஜனவரியில், அதே மாங்க்டனில் நடந்த ஒரு பெரிய பரிசுப் போட்டியில், ரஸ் ஹோவர்ட் தன் பயிற்சியில் பயன்படுத்திவந்த ஒரு விதியை வைத்து ஆடிப் பார்த்தார்கள். எண்டின் முதல் நாலு கற்களை, அவை எங்கே நின்றாலும், ஆட்டத்தை விட்டு வெளியேற்றக் கூடாது. அடித்துக்கொண்டே இருப்பவன் தானாகவே தடுமாறினான், பனியில் கற்கள் சேர்ந்தன, ஆட்டம் உயிர்பெற்றது. அதைக் கொஞ்சம் மாற்றி, ஹவுஸுக்கு முன்னால் காவலாக நிற்கும் கல்லுக்கு மட்டும் என்று வைத்து உலகம் முழுக்க விதியாக்கினார்கள், 2018-19 பருவத்திலிருந்து ஐந்து கல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். 1985இல் அந்த ஒரு கல் உரசாமல் போயிருந்தால் ரயன் வேறு மாதிரி ஆடியிருப்பாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்படிப்பட்ட ஒரு கல்லால் கோப்பையைப் பறிகொடுத்தவன் இனி ஹவுஸில் ஒரு கல்லும் நிற்கக் கூடாது என்று நினைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் 28 வருஷ வறட்சி. அது முடிந்த விதத்தில் குடும்பக் கதை நிறைய இருக்கிறது. கர்லிங்கே அப்படித்தான், சின்ன ஊர் கிளப்பில் அப்பாவும் பெரியப்பாவும் ஆடிக்கொண்டிருக்கும்போது கூடப் போன பையன்கள்தான் பின்னால் ஸ்கிப் ஆகிறார்கள். 1975இல் ஜெயித்த பில் டெட்லியின் மகன் இயன் டெட்லி 1985இல் ஹாக்னர் அணியில் ஆடினார். சூ செயின்ட் மேரியில் பிராட் ஜேக்கப்ஸும் ஹார்ன்டன் சகோதரர்கள் இ.ஜே., ரயன் இருவரும் உறவுக்காரர்கள், ஜேக்கப்ஸுக்கு அவர்கள் அத்தை மகன், மாமன் மகன் முறைக்காரர்களில் ஒரு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆங்கிலத்தில் எல்லோரும் கஸின்தான். நாலாவது ஆள் ரயன் ஃப்ரை உள்ளூர்க்காரர் அல்ல. வின்னிபெக்கில் பிறந்து, நியூஃபவுண்ட்லண்டில் பிராட் குஷுவுடன் ஆடி, 2012இல் சூ செயின்ட் மேரிக்கே குடிபெயர்ந்தவர். அவர் அப்பா பாரி ஃப்ரை 1979இல் மனிடோபாவுக்காகப் பிரையரை வென்ற ஸ்கிப். அப்பா வின்னிபெக்கிலிருந்து ஆடி வாங்கியதை மகன் வாங்க, வடக்கு ஒன்டாரியோவுக்கு வீடு மாற வேண்டியிருந்தது.

ஜேக்கப்ஸும் ஒரே பாய்ச்சலில் ஜெயித்துவிடவில்லை, 2010இலேயே ஸ்கிப்பாகப் பிரையருக்குப் போய்த் தோற்று வந்தவர், அதற்குப் பிறகும் போய்த் தோற்றவர். 2013இல் எட்மன்டனில் நடந்த இறுதியில், மூன்று முறை பிரையர் வென்ற மனிடோபாவின் ஜெஃப் ஸ்டௌட்டனை 11-4 என்று அடித்துத் துவைத்தார்கள். மறு ஆண்டு சோச்சி ஒலிம்பிக்கில் டேவிட் முர்டாக்கின் பிரிட்டன் அணியை 9-3 என்று வென்று தங்கம். இந்த நாலு பேரும் ஜிம்மே கதியாகக் கிடந்தவர்கள், கல்லுக்கு முன்னால் அவர்கள் தேய்க்கிற வேகத்தைப் பார்த்துதான் கர்லிங் என்றால் தொப்பை வைத்த மாமாக்கள் ஆடுவது என்ற எண்ணம் பலருக்குப் போனது. கொஞ்சம் அதிகமாகக் கத்துகிறார்கள் என்று பழைய ஆட்கள் முகம் சுளித்ததும் உண்டு. எனக்கு அந்தக் கத்தல் பிடித்திருந்தது.

இப்போதைய நிலைமைக்கு வந்தால் அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. பிரையர் இன்று 18 அணிகள். பத்து மாகாணம், மூன்று வடக்குப் பிரதேசம், வடக்கு ஒன்டாரியோ, ஆக 14. மீதி நாலு இடத்தில் நடப்புச் சாம்பியன் ஒன்று, மற்றவை தரவரிசையை வைத்து. 2024 பிரையரிலிருந்து, தரவரிசையில் உச்சத்தில் இருக்கும் சில அணிகளுக்குப் போட்டி தொடங்கும் முன்பே இடம் கொடுத்துவிடுகிறார்கள், அவர்கள் தங்கள் மாகாணப் போட்டியில் ஆடவே வேண்டாம். பெரிய அணிகளுக்கு இது வசதி. ஆனால் பிராந்தியப் போட்டியின் கண்ணிலிருந்து பார்த்தால், ஊர்த் திருவிழாவுக்கு உற்சவரே வராத மாதிரி. அக்கம்பக்கத்து கிளப்பில் வார நாட்களில் வேலைக்குப் போய் மாலையில் பழகுகிற அணிக்கு, ஒலிம்பிக் சாம்பியனோடு ஒரே பனியில் ஆடி ஒன்பதாவது எண்டுவரை தாக்குப்பிடித்தோம் என்று சொல்லிக்கொள்ளக் கிடைப்பதே இந்தப் போட்டியில்தான். நட்சத்திரங்கள் வராவிட்டால் ஜெயிப்பது சுலபம் என்று சந்தோஷப்படலாம், ஆனால் அப்படி ஜெயித்துப் பிரையருக்குப் போகிறவன் அங்கே யாரைச் சந்திக்கப் போகிறான்?

தரவரிசைப் புள்ளிக்கும் தூரத்துக்கும் தொடர்பு இருக்கிறது. புள்ளி கிடைப்பது பருவம் முழுக்க நடக்கும் பணப்பரிசுப் போட்டிகளில், அவை பெரும்பாலும் தெற்கு ஒன்டாரியோவிலும் மேற்கிலும் நடக்கின்றன. டொராண்டோ பக்கத்து அணி வெள்ளிக்கிழமை மாலை காரில் கிளம்பி ஞாயிறு இரவு வீடு திரும்பும். தண்டர் பே அணிக்கு நாலு விமான டிக்கெட், ஹோட்டல், இரண்டு நாள் கூடுதல் லீவு. 1927இல் தனிச் சீட்டைக் காப்பாற்றிய அதே தூரம் இப்போது வேறு வழியாக வந்து கழுத்தைப் பிடிக்கிறது.

8 லட்சம் பேருக்கு ஒரு சீட்டு, தெற்கே இருக்கும் ஒன்றரைக் கோடிக்கும் ஒரே சீட்டு, இது நியாயமா என்ற கேள்வியும் இருக்கிறது. தெற்கே நாலாவது இடம் வருகிற அணி வடக்கே முதலிடம் வருகிற அணியை அடித்துவிடும் என்று வாதாடுகிறவர்கள் சொல்வதில், சில வருஷங்களில் உண்மையும் இருக்கும். ஆனால் அந்தக் கணக்குப்படிப் பார்த்தால் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்கும் இடம் இருக்கக் கூடாது, அங்கே இரண்டு லட்சம் பேர்கூட இல்லை. அது மாகாணம் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ரஞ்சியிலும் விதர்பாவுக்கு எதற்குத் தனி அணி என்று கேட்டவர்கள் உண்டு, 2018இல் விதர்பா கோப்பையைத் தூக்கியபின் அந்தச் சத்தம் குறைந்தது.

இந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கக் கையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆண்களுக்குத் தனிச் சீட்டு 1927இலிருந்து. பெண்களுக்கு? ஸ்காட்டீஸ் எனப்படும் பெண்கள் தேசியப் போட்டியில் வடக்கு ஒன்டாரியோ என்ற பெயரில் முதல் அணி ஆடியதே 2015இல்தான், அதுவும் ஒரு முன்தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்தது. 88 வருஷ வித்தியாசம். அதுவரை வடக்குப் பெண்கள் தெற்குக்குப் போய், ஒன்டாரியோ மொத்தத்தையும் ஜெயித்தால்தான் தேசியப் போட்டி. ஒரே தூரம், ஒரே பனி, ஒரே நெடுஞ்சாலை. தூரம்தான் காரணம் என்று மேலே சொன்னேன், அது பெண்களுக்கு மட்டும் எப்படிக் குறைந்தது என்று கேட்டால் என்னிடம் மரியாதையான பதில் இல்லை.

அப்படியிருந்தும் தண்டர் பேயின் ஹீத்தர் ஹூஸ்டன் 1988இலும் 1989இலும் தேசியப் பட்டம் வென்றார், 1989இல் உலகப் பட்டமும். முதல் முறை தெற்கைத் தாண்டி, ஒன்டாரியோ என்று முதுகில் எழுதிய உடுப்போடு, மறு ஆண்டு நடப்புச் சாம்பியனாக, கனடா என்ற பெயரில். தோற்கத் தனி வாய்ப்பு வேண்டும் என்ற என் கட்சிக்கு இது நல்ல அடி, ஒப்புக்கொள்கிறேன். தனிச் சீட்டு இல்லாமலும் தண்டர் பேக்காரர்கள் உலகத்தை ஜெயித்திருக்கிறார்கள். ஹூஸ்டன்கள் இன்னும் எத்தனை பேர் தெற்கு வரை போக முடியாமல் ஊரிலேயே நின்றார்கள் என்பதைத்தான் எண்ண வழியில்லை.

அந்த அணியில் ஹூஸ்டனுக்கு அடுத்த இடத்தில் ஆடியவர் லொரெய்ன் லாங். அவர் கணவர் ரிக் லாங், 1975, 1982, 1985 என்று மூன்று பிரையர் பட்டத்திலும் இருந்தவர், ஹாக்னரின் அந்த டபுளின்போது மறு கோடியில் ஹவுஸில் நின்றுகொண்டிருந்தவர். ஒரே ஊர், ஒரே வீடு. கணவரின் உடுப்பில் வடக்கு ஒன்டாரியோ, மனைவியின் உடுப்பில் ஒன்டாரியோ. அவர்கள் மகள் சாரா, கிறிஸ்டா மெக்கார்வில் அணியில் முதல் கல் விட்டவர். 2016 ஸ்காட்டீஸுக்கு அந்த அணி போனது அப்பாவின் பெயர்ப்பலகையோடு, வடக்கு ஒன்டாரியோ என்று. இறுதிவரை வந்து, ஆல்பர்ட்டாவின் செல்சி கேரியிடம் 7-6 என்று ஒரே ஒரு புள்ளியில் தோற்றார்கள்.